பிறந்த குழந்தைக்குப் பாலூட்ட உதவுவதும், பால் பவுடர் விற்பனையை வார்டுக்கு வெளியே நிறுத்துவதும்: ஒரு முழு வழிகாட்டி

பிரசவ வார்டில் இரண்டாவது ராத்திரி என்று ஒன்று உண்டு. பிறந்த களைப்பில் முதல் நாள் அடித்துப் போட்டாற்போலத் தூங்கிய குழந்தை, மறுநாள் இருட்டியதும் விழித்துக்கொள்ளும். பால் குடிக்கும், பத்து நிமிஷம் கண் மூடும், மறுபடி வீறிடும். விடியும்வரை இதே கதைதான். தாய்க்கு மார்பு இன்னும் மெத்தென்றே இருக்கும். உடன் இருப்பவர் நம்மைத் தேடி வருவார்: "சிஸ்டர், பால் பத்தலை போலிருக்கு. புள்ளை கத்திக்கிட்டே இருக்கு. ஏதாவது டப்பா குடுங்களேன்."

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிடுவேன். கம்பெனி இலவசமாக வைத்துவிட்டுப் போன டப்பா அது. குடித்ததும் குழந்தை தூங்கிவிடும். வார்டு அமைதியாகிவிடும். எனக்கும் நிம்மதி. அந்தத் தாயின் மனதில் என்ன பதிந்தது என்பதை யோசிக்கவே எனக்கு இரண்டு மூன்று வருஷம் ஆனது. "என் பால் போதவில்லை, இந்தப் பெயர் போட்ட பால் போதுகிறது, அதைக் கொடுத்ததும் ஒரு நர்ஸ்." எந்த விளம்பரக்காரராலும் இவ்வளவு நல்ல படம் எடுக்க முடியாது. நான் சீருடையோடு சம்பளமில்லாமல் நடித்துக் கொடுத்திருக்கிறேன்.

இந்த வழிகாட்டி முக்கியமாக நர்ஸ்கள், டாக்டர்கள், மருத்துவச்சிகள், வார்டை நிர்வகிப்பவர்களுக்கு. பெற்றோர் படித்தாலும் பயன்படும். பாலூட்டுவதில் உதவுவது ஒரு வேலை, விற்பனை விதிகளைக் கவனிப்பது வேறொரு வேலை என்று பலரும் பிரித்துப் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் இரண்டும் ஒன்றுதான். தாயின் சந்தேகத்துக்கு நாம் பதில் சொல்லாத இடத்தில்தான் டப்பா வந்து உட்கார்ந்துகொள்கிறது.

படி 1: விதி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பொருள்களை எப்படி விற்கலாம் என்பதற்கு உலக சுகாதார சபை 1981 மே மாதம் ஒரு சர்வதேச நெறிமுறையை ஏற்றது. ஆதரவாக 118 ஓட்டு. எதிர்த்தது ஒரே ஒரு நாடு, அமெரிக்கா. 3 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. அதற்கு முந்தைய காலத்தில் நர்ஸைப் போல உடையணிந்த விற்பனைப் பெண்கள் பிரசவ வார்டுகளுக்கே வந்து தாய்மாரிடம் பேசி டப்பா கொடுத்த கதைகள் பல நாடுகளிலிருந்தும் வந்தன. நல்ல தண்ணீர் இல்லாத வீடுகளில் அந்தப் பால் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கையும் மரணத்தையும் கொண்டுவந்தது. நெறிமுறை பிறந்த பின்னணி இதுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அது பால் பவுடரைத் தடை செய்யவில்லை. தேவைப்படும்போது மாற்றுப் பாலைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் நோக்கத்திலேயே எழுதியிருக்கிறது. புட்டிப்பால் கொடுக்கும் தாயை அது குறை சொல்லவும் இல்லை. அதன் கை நீள்வது விற்பவரை நோக்கித்தான். பொதுமக்களுக்கு விளம்பரம் கூடாது. தாய்க்கு மாதிரி டப்பா கூடாது, பரிசு கூடாது. கம்பெனி ஆட்கள் கர்ப்பிணிகளையும் தாய்மாரையும் நேரடியாக அணுகக் கூடாது. மருத்துவமனையில் பொருளைக் காட்சிக்கு வைக்கவோ போஸ்டர் ஒட்டவோ கூடாது. மருத்துவப் பணியாளர்களுக்கு விற்பனையைத் தூண்டும் பணமோ பொருளோ தரக் கூடாது. குழந்தைப் பால் டப்பாவில் சிரிக்கும் குழந்தைப் படம் கூடாது. பவுடரோடு சேர்த்துப் பால் புட்டிகளும் ரப்பர் காம்புகளும்கூட இதில் அடங்கும்.

அப்புறம் வந்த தீர்மானங்கள் ஓட்டைகளை அடைத்தன. இலவச, சலுகை விலை டப்பாக்கள் மருத்துவமனையின் எந்த மூலைக்கும் வரக்கூடாது என்று 1994-ல் வந்தது. மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கென்று விற்கப்படும் பால்களும் இதே கட்டுப்பாட்டுக்குள்தான் என்று 2016-ல் வந்த வழிகாட்டல் தெளிவாக்கியது. மருத்துவப் பணியாளர்களின் கூட்டங்களுக்கு இந்தக் கம்பெனிகள் ஆதரவுப் பணம் தரக் கூடாது என்றும் அது சொல்கிறது. நெறிமுறை தானாகச் சட்டம் ஆகிவிடாது, ஒவ்வொரு நாடும் அதைச் சட்டமாக்க வேண்டும். சில நாடுகள் முழுதாகச் செய்தன, சில பாதி, சில ஒன்றுமே செய்யவில்லை. உங்கள் நாட்டுச் சட்டத்தின் ஒரு பிரதியை வார்டு கோப்பில் வைத்திருங்கள். சட்டம் பலவீனமாக இருந்தாலும் மருத்துவமனை தனக்கென்று எழுதிவைக்கும் கொள்கைக்கு யாரும் குறுக்கே நிற்க முடியாது.

படி 2: வார்டைச் சுற்றி ஒரு நடை

கையில் ஒரு நோட்டு, அரை மணி நேரம். வாசலிலிருந்து தொடங்கி ஒரு புது நோயாளியின் கண்ணோடு நடந்து பாருங்கள். சுவர்க் கடிகாரம் யார் கொடுத்தது? காலண்டரில் யார் பெயர்? எடை பார்க்கும் மெஷினில் ஸ்டிக்கர் உண்டா? தடுப்பூசி அட்டையின் உறை, குழந்தையின் கையில் கட்டும் பெயர்ப்பட்டை, டாக்டர் மேஜையில் பேனா ஸ்டாண்ட்?

நான் முதன்முதலாக இப்படி நடந்தபோது பதினோரு இடத்தில் கம்பெனிப் பெயர் இருந்தது. அவற்றில் எட்டை நான் தினமும் தொட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றைக்கூட அதுவரை பார்த்ததில்லை. எனக்கே கண்ணில் படாமல் போனவை அவை. பதினைந்து மணி நேரம் மேலே பார்த்துக்கொண்டே படுத்திருக்கும் தாய்க்கு அந்தக் கடிகாரம் மட்டும்தானே தெரியும்?

எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மெஷின் வேண்டுமென்றால் ஸ்டிக்கரை மட்டும் உரித்துப் போடுங்கள். டப்பாக்களை மற்ற மருந்துகளைப்போலப் பூட்டிய அலமாரிக்குள், தாய்மார் கண்ணில் படாமல் வையுங்கள். எந்தக் குழந்தைக்கு, என்ன காரணத்துக்காக, எவ்வளவு, யார் சொல்லி என்று பதிவேட்டில் எழுதித்தான் எடுக்க வேண்டும். மருத்துவமனை தன் பணத்தில் வாங்கிய டப்பாவாக அது இருக்கட்டும். இலவசமாக வந்ததைக் கணக்கில்லாமல் எடுக்கத் தோன்றும், காசு கொடுத்து வாங்கியதை எடுக்கும்போது கை ஒரு நொடி நிற்கும்.

படி 3: பிரசவத்துக்கு முன்பே பேசுவது

இது சின்னப் படிதான். கர்ப்பிணியிடம் தாய்ப்பாலின் பெருமையை அரை மணி நேரம் அளந்து பயனில்லை, அதெல்லாம் அவருக்கே தெரியும். மூன்று விஷயம் போதும்: பிறந்ததும் குழந்தையை மார்பில் போடுவோம், முதல் சில நாள் சீம்பால் கொஞ்சம்தான் வரும் ஆனால் அதுவே போதும், இரண்டாவது ராத்திரி குழந்தை விடாமல் அழலாம். இந்த மூன்றாவதை முன்கூட்டியே கேட்டிருந்த தாய் அந்த ராத்திரியை வேறு மாதிரி கடப்பார். உடன் இருக்கப் போகிறவரையும் அருகில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். டப்பா கேட்டு வரப் போவது பெரும்பாலும் அவர்தான்.

முன்பு பாலூட்டியதில் சிரமம் இருந்ததா, மார்பில் அறுவை சிகிச்சை நடந்ததா, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்றும் அப்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

படி 4: முதல் ஒரு மணி நேரம்

குழந்தையைத் துடைத்து, துணியில்லாமல் தாயின் வெற்று மார்பில் குப்புறப் போட்டு, மேலே ஒரு போர்வை. குறைந்தது ஒரு மணி நேரம், இடையில் எடுக்காமல். எடை பார்ப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் அப்புறம். சிசேரியனிலும் தாய் விழிப்போடு இருந்து, இருவரும் நலமாக இருந்தால் செய்யலாம். குழந்தையின் மூக்கும் வாயும் அடைபடாமல், முகம் ஒரு பக்கம் திரும்பி, நம் கண்ணுக்குத் தெரிகிறமாதிரி இருக்க வேண்டும். மயக்கம் தெளியாத தாயைத் தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே தலையை ஆட்டி, கையை நக்கி, மார்பைத் தேடிப் போகும். நாம் பின்னந்தலையைப் பிடித்து அழுத்தினால் அது முரண்டு பிடிக்கும். கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பதுதான் இங்கே கற்றுக்கொள்ளக் கடினமான வேலை.

படி 5: முதல் மூன்று நாள்

கடிகாரம் பார்த்துப் பாலூட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குழந்தை உதட்டைச் சப்பினால், கையை வாய்க்குக் கொண்டுபோனால், தலையைத் திருப்பித் தேடினால் அது பசி. அழுகை பசியின் கடைசி அறிவிப்பு. அழ ஆரம்பித்த குழந்தையை முதலில் சமாதானப்படுத்தி அப்புறம்தான் மார்பில் போட முடியும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிப்பது வழக்கம். தாயும் குழந்தையும் இரவு பகல் ஒரே அறையில் இருந்தால்தான் இந்த அறிகுறிகள் கண்ணில் படும்.

மார்பை எப்படிப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். வாய் அகலத் திறந்திருக்க வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், தாடை மார்பில் பதிந்திருக்க வேண்டும், கருவட்டம் வாய்க்கு மேல்பக்கம் அதிகமாகவும் கீழ்ப்பக்கம் குறைவாகவும் தெரிய வேண்டும். காம்பை மட்டும் சப்பினால் தாய்க்கு உயிர் போகும், குழந்தைக்கும் பால் வராது. வலித்தால் வாயோரத்தில் சுத்தமான விரலை நுழைத்து விடுவித்து, மறுபடி போடலாம். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி "பால் பத்தலை". இதற்கு "அதெல்லாம் பத்தும், கவலைப்படாதீங்க" என்று சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வராது. கணக்குக் காட்டுங்கள். முதல் 24 மணி நேரத்தில் ஆரோக்கியமான குழந்தை ஒரு தடவைக்குக் குடிப்பது 2 முதல் 10 மி.லி. இரண்டாம் நாள் 5 முதல் 15. மூன்றாம் நாள் 15 முதல் 30. ஒரு டீஸ்பூன் 5 மி.லி. என்பதால், ஒரு டீஸ்பூனைக் கையில் கொடுத்து "இவ்வளவுதாம்மா வேணும்" என்பேன். 60 மி.லி. புட்டியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த டீஸ்பூன் ஒரு அதிர்ச்சி. அதோடு ஒரு துளி சீம்பாலைக் கையால் பீய்ச்சி, அதே ஸ்பூனில் காட்டுங்கள். மஞ்சளாக, கெட்டியாக இருக்கும். பால் இருக்கிறது என்று தாய் கண்ணால் பார்த்துவிட்டால் நாம் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

பால் நிறையச் சுரக்கத் தொடங்குவது பொதுவாக 2-ம் நாளிலிருந்து 4-ம் நாளுக்குள். குழந்தை அடிக்கடி சப்பச் சப்பத்தான் அது வருகிறது. இரண்டாவது ராத்திரி குழந்தை விடாமல் மார்பைக் கேட்பது பால் ஊறுவதற்கான வேலை. அந்த ராத்திரி புட்டி கொடுத்துத் தூங்க வைத்தால், மார்புக்கு அந்த அளவுக்குத் தூண்டுதல் குறையும், சுரப்பும் பின்தங்கும், மறுநாள் நிஜமாகவே பால் போதாது. சந்தேகம் தன்னைத் தானே நிரூபித்துக்கொண்டுவிடும்.

உள்ளே போவது தெரியாது என்றால் வெளியே வருவதைப் பாருங்கள். முதல் நாள் குறைந்தது ஒரு தடவை சிறுநீர், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று, ஐந்து ஆறாம் நாளிலிருந்து ஆறு தடவைக்குமேல். மலம் தார்போலக் கறுப்பாகத் தொடங்கி, பச்சையாகி, நாலைந்து நாளில் மஞ்சளாக வேண்டும். எடை முதல் சில நாள் குறைவது இயல்பு. 7 சதவீதம் தாண்டினால் பாலூட்டுவதை உட்கார்ந்து முழுதாகக் கவனியுங்கள், 10 சதவீதத்தை நெருங்கினால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும். பிரசவத்தின்போது தாய்க்கு நிறைய டிரிப்ஸ் ஏறியிருந்தால் பிறப்பு எடையே சற்றுக் கூடித் தெரியலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 6: கூடுதல் பால் நிஜமாகவே தேவைப்படும்போது

தேவைப்படும் குழந்தைகள் உண்டு. இதை மறுப்பதும் ஆபத்துதான். தாய்ப்பால் மட்டுமே என்ற பிடிவாதத்தில் நீர்ச்சத்து வற்றிப்போன குழந்தையை யாரும் கண்டுகொள்ளாமல் விட்டதையும் நான் பார்த்திருக்கிறேன். விற்பனையை எதிர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு குழந்தையைப் பட்டினி போடக் கூடாது.

சிகிச்சைக்குப் பிறகும் குழந்தையின் ரத்தச் சர்க்கரை அளவு தாழ்ந்தே இருப்பது, எடை தொடர்ந்து இறங்குவது, மிகச் சீக்கிரம் பிறந்து தாயின் பால் மட்டும் போதாமல் இருப்பது, தாய் கடுமையாக நோயுற்றிருப்பது, மார்பில் பால் சுரக்கும் திசு குறைவாக இருப்பது எல்லாம் உண்மையான காரணங்கள். கேலக்டோசீமியா என்ற அரிய பிறவிக் கோளாறு உள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலே கூடாது, தனி வகைப் பால்தான். தாய் மருந்து சாப்பிடுகிறார் என்பது பெரும்பாலும் காரணமாகாது. லாக்ட்மெட் என்ற இலவசத் தகவல்தளத்தில் அந்த மருந்தைத் தேடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். புற்றுநோய் மருந்து, கதிரியக்க அயோடின் போன்ற சிலவற்றில்தான் நிறுத்த வேண்டி வரும்.

வரிசை இதுதான்: முதலில் தாயிடமிருந்தே பீய்ச்சிய பால், அடுத்து பால் வங்கியில் பதப்படுத்திய தானப் பால், கடைசியாகப் பவுடர் பால். எவ்வளவு, எத்தனை நேரத்துக்கு, எப்போது நிறுத்துவது என்ற மூன்றையும் மருந்துச்சீட்டுபோல எழுதுங்கள். கம்பெனிப் பெயர் எழுத வேண்டாம், "குழந்தைப் பால்" போதும். ஸ்பூன், கிண்ணம், சிரிஞ்ச் எதுவும் ஆகும். தாயிடம் சொல்லும் வாக்கியம் முக்கியம். "உங்க பால் பத்தலை" என்பதற்குப் பதிலாக, "சர்க்கரை கொஞ்சம் குறைஞ்சிருக்கு, இன்னிக்கு மட்டும் இத்தனை மி.லி. குடுக்கறோம், அதோட நீங்க பாலைப் பீய்ச்சி எடுக்கணும், நான் சொல்லித் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

பீய்ச்சுவது எப்படி? கையைக் கழுவி, மார்பை மெதுவாகத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளி, எதிரெதிரே. முதலில் நெஞ்சை நோக்கிப் பின்னே அழுத்த வேண்டும், அப்புறம் இரு விரலையும் சேர்த்து அமுக்க வேண்டும், விட வேண்டும். தோலின்மேல் விரல் சறுக்கக் கூடாது, காம்பை இழுக்கக் கூடாது. ஒன்றிரண்டு நிமிஷம் ஒன்றும் வராது, அங்கேதான் எல்லோரும் கைவிடுவார்கள். குழந்தை தனி வார்டில் இருந்தால் முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்கி, ராத்திரி உட்பட நாளுக்கு எட்டுத் தடவையாவது எடுக்க வேண்டும்.

படி 7: புட்டிப்பால்தான் என்று முடிவெடுத்த தாய்க்கு

காரணம் எதுவாகவும் இருக்கலாம், அதை நியாயப்படுத்தச் சொல்லி அவரைக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். தகவல் தெரிந்துதான் முடிவெடுத்தாரா என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, அப்புறம் முழு உதவியும் செய்யுங்கள். இந்தத் தாய்மாரை நாம் முகம் சுளித்து அனுப்பினால், அன்போடு பேச அவருக்குக் கிடைப்பது கம்பெனியின் உதவி எண் மட்டும்தான்.

தயாரிக்கும் முறையை அந்தத் தாய்க்கு மட்டும், தனியாக, மருத்துவப் பணியாளர்தான் செய்து காட்ட வேண்டும். வார்டில் எல்லோருக்கும் பொதுவாக டெமோ நடத்தக் கூடாது. பவுடர் கிருமி நீக்கம் செய்யப்பட்ட பொருள் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. திறக்காத டப்பாவிலும் குரோனோபாக்டர் என்ற கிருமி இருக்கலாம், இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அது அரிதாக ஆனால் உயிரையே எடுக்கும் தொற்றாகலாம். அதனால்தான் வெந்நீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அரை மணி நேரத்துக்குமேல் ஆறவிடாமல் பயன்படுத்துங்கள். கிருமி நீக்கிய புட்டியில் முதலில் தண்ணீர், அப்புறம் டப்பாவோடு வந்த கரண்டியால் தலைதட்டிய அளவில் பவுடர். மூடிக் கலக்கி, குழாய்த் தண்ணீரில் காட்டி ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். குறைமாதக் குழந்தைக்கு, கிடைத்தால், கிருமி நீக்கி அடைத்து வரும் திரவப் பால் பாதுகாப்பானது.

டப்பா நாலு நாள் கூட வரட்டும் என்று தண்ணீரைக் கூட்டுவார்கள், குழந்தை கொழுகொழுவென்று வரட்டும் என்று பவுடரைக் கூட்டுவார்கள். இரண்டும் கெடுதல். வீட்டில் பணம் இறுக்கமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள், மாதத்துக்கு எத்தனை டப்பா ஆகும் என்று கூடவே கணக்குப் போட்டுக் காட்டுங்கள். முதல் வாரம் முடியும்போது நாளுக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 150 மி.லி. என்று வைத்தால், 3 கிலோ குழந்தைக்கு 450 மி.லி. எட்டாகப் பிரித்தால் தடவைக்கு 55 சொச்சம். முதல் நாட்களில் இதைவிட மிகக் குறைவாகத் தொடங்கி ஏற்ற வேண்டும்.

குழந்தையைச் சாய்வாக நிமிர்த்திப் பிடித்து, புட்டியைக் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் வைத்து, இடையிடையே நிறுத்தி ஊட்டச் சொல்லுங்கள். முகத்தைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம். தலையணைமேல் புட்டியை முட்டுக்கொடுத்துவிட்டுப் போகவே கூடாது. மார்போடு அணைத்துக்கொள்வது இந்தக் குழந்தைக்கும் உண்டு.

எந்தக் கம்பெனி நல்லது என்று நிச்சயம் கேட்பார்கள். முதல் ஆண்டுக்கான சாதாரண குழந்தைப் பால் எல்லாமே ஒரே அடிப்படைத் தரத்துக்கு உட்பட்டுத்தான் செய்யப்பட வேண்டும், விலை கூடினால் சத்து கூடிவிடாது என்பதே நேர்மையான பதில். "தாய்ப்பாலுக்கு மிக நெருக்கமானது", "நன்றாகத் தூங்கவைக்கும்", "மூளை வளர்ச்சிக்கு" என்றெல்லாம் டப்பாவில் இருப்பது விற்பனைப் பேச்சு. இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று எண் போட்டு வரும் டப்பாக்களுக்குத் தேவையே இல்லை. ஒரே நிறம், ஒரே சின்னம் வைத்து அவற்றை விளம்பரம் செய்தால், முதல் எண் போட்ட டப்பாவுக்கும் சேர்த்து விளம்பரம் ஆகிவிடுகிறது என்பதுதான் அந்த எண்களின் சூட்சுமம்.

படி 8: ரெப் (கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி) வரும்போது

நல்ல மனுஷனாகத்தான் இருப்பார், அவர் வேலையை அவர் செய்கிறார். வார்டுக்குள் வேண்டாம், தாய்மார் பக்கம் வேண்டவே வேண்டாம். பொருளைப் பற்றிய அறிவியல் தகவல் இருந்தால் எழுத்தில், மருத்துவமனை குறித்திருக்கும் ஒரே நபரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். "எங்க கொள்கையில இல்லைங்க, தப்பா நினைக்காதீங்க" என்ற ஒரு வரியை எல்லா ஊழியர்களும் சொல்லப் பழகியிருந்தால் சங்கடமே வராது. பேனா வேண்டாம், சாப்பாடு வேண்டாம், மாநாட்டு டிக்கெட் வேண்டாம். ஒரு சாப்பாட்டுக்கா நான் மயங்குவேன் என்று எல்லா டாக்டர்களும் சொல்வார்கள். மயங்கமாட்டார் என்று தெரிந்தால் கம்பெனி ஏன் வருஷாவருஷம் செலவு செய்கிறது?

விதிமீறலைக் கண்டால் தேதி, இடம், போட்டோ, என்ன பொருள் என்று குறித்து நிர்வாகத்துக்கும் உங்கள் நாட்டில் அதற்கென்று உள்ள அதிகாரிக்கும் அனுப்புங்கள். தாயின் முகமோ பெயரோ போட்டோவில் வரக் கூடாது.

படி 9: வீட்டுக்கு அனுப்பும் நாள்

கையில் கொடுக்கும் பையைப் பிரித்துப் பாருங்கள். கூப்பன், மாதிரிப் பொட்டலம், "தாய்மார் கிளப்"பில் சேரச் சொல்லும் அட்டை எதுவும் உள்ளே நுழைந்திருக்கக் கூடாது. இப்போது வார்டில் அடைத்த கதவு போனில் திறந்துகொள்கிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 8 நாடுகளில் சுமார் 8,500 பெற்றோர், கர்ப்பிணிகளிடம் விசாரித்து 2022-ல் வெளியிட்ட அறிக்கையில், பாதிக்குமேல் பேர் தங்களைக் குறிவைத்து வந்த பால் பவுடர் விளம்பரத்தைச் சந்தித்திருந்தார்கள். கர்ப்பக் காலண்டர் ஆப், குழந்தை வளர்ப்புக் குழு, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆலோசனை சொல்லும் அரட்டைப்பெட்டி என்று வேஷம் பல. பிரசவத் தேதியைக் கேட்கும் எந்த ஆப்பிலும் அதை யார் நடத்துகிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

போனுக்குப் பதில் போன்தான். வார்டின் நேரடி எண்ணை ஒரு சீட்டில் எழுதி, ராத்திரியும் எடுப்போம் என்று சொல்லிக் கொடுங்கள். 48 மணி நேரத்துக்குள் ஒரு தடவை நாமே கூப்பிட்டுப் பேசிவிட்டால் நல்லது. சீட்டின் பின்பக்கம் உடனே ஓடிவர வேண்டிய அறிகுறிகள்: எழுப்பினாலும் பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, பன்னிரண்டு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருப்பது, 38 டிகிரி காய்ச்சல் அல்லது உடம்பு சில்லிட்டுப்போவது, மூச்சு வேகமாக வாங்குவது, பச்சையாக வாந்தி, மஞ்சள் நிறம் கை கால்வரை பரவுவது. தாய்ப்பாலா புட்டிப்பாலா என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் ஒரே சீட்டு. அதன் மூலையில் எந்தச் சின்னமும் அச்சாகியிருக்கிறதா என்று கொடுப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வார்டில் ஒரு வருஷம் முழுக்க அச்சாகியிருந்தது.